ஓட்டியவர் பெயர் கோகிலவாணி

மே 9, வெள்ளி. லங்காவி

வந்து இறங்கினோம். இறங்கியதுமே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது.

வாடகைக் கார் கவுண்டரில் முக்கால் மணி நேரம் போனது. மாப்பிள்ளை பிரகதீஷ் நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அம்மா, என் சம்பந்தியம்மா, தன் கைப்பையை என் மகள் கோகிலாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கால் வலிக்கிறது என்றார். வலிக்கட்டும். பொள்ளாச்சியில் முப்பத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவன் நான். நான் படித்துப் பார்க்காத காகிதத்தில் என் மகள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. கடல் தாண்டி வந்துவிட்டால் அது மாறிவிடுமா?

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் தமயந்தி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். காரைக் காடி என்கிறாள். பொறுமைசாலி. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வாடகையோடு ஒரு இன்சூரன்ஸ் சேர்ந்தே வருகிறது. அதை நம்பிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் ஏமாளி. வண்டிக்கு அடிபட்டால் முதலில் ஒரு தொகை வரைக்கும் நம் கையிலிருந்து கட்ட வேண்டும், அதற்கு மேல் போனால்தான் கம்பெனி வரும். அந்த முதல் தொகையும் நம் தலையில் விழக்கூடாது என்றால் தினமும் இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும். கட்டினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இதெல்லாம் சேராது. கடற்கரை மணலில் இறக்கினால் சேராது. குடித்துவிட்டு ஓட்டினால் எதுவுமே சேராது. எது எது சேராது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இன்சூரன்ஸ் எடுக்கக் கூடாது என்று என் வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். கூடுதல் தொகையைக் கட்டினேன்.

யார் பெயரில் எழுதட்டும் என்று கேட்டாள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட் எங்களில் கோகிலாவிடம் மட்டும்தான் இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மாப்பிள்ளையிடமும் சொன்னேன், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய் வந்தால் முடிந்தது என்று. அதெல்லாம் அங்கே எவன் கேட்கிறான் மாமா என்று சிரித்தார். எனக்கு ஸ்கூட்டரைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆக, ஓட்டுநர் பெயர்: கோகிலவாணி.

"அங்கள், நல்லா கேட்டுக்குங்க," என்றாள் தமயந்தி. "இதுல யாரு பேரு இருக்கோ அவங்கதான் காடி ஓட்டணும். வேற ஆளு ஓட்டி எங்கயாச்சும் அடிச்சிட்டா கம்பெனி ஒரு காசு கொடுக்காது."

எனக்கே சொல்கிறாள். கார் நிறுத்துமிடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து இதை இன்னொரு முறை நானே விளக்கிச் சொன்னேன். சம்பந்தியம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணா, ஆம்பளப் பையன் இருக்கறப்ப அம்மிணி ஓட்டீட்டுப் போனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார்.

இந்தத் தீவில் நம்மைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அதை நான் கேட்கவில்லை. சாவி என் கையில் இருந்தது. மாப்பிள்ளை கையை நீட்டவும் இல்லை, நகரவும் இல்லை. மாப்பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போன மாமனார் என்று ஊரில் பெயர் எடுக்க எனக்கு ஆசை இல்லை. இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தேன்.

கோகிலா பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நல்ல பெண்.

ஹோட்டலில் பெட்டியைத் திறந்தால் ஊறுகாய்ப் பாக்கெட் உடைந்து என் வெள்ளைச் சட்டைகள் இரண்டும் பாழ். கட்டிக் கொடுத்த கடைக்காரனை ஊருக்குப் போய்க் கவனித்துக்கொள்கிறேன்.

மே 10, சனி

கேபிள் காருக்கு வரிசை. அங்கே நின்றது பாதி நாள். காற்று அதிகம் என்று நடுவில் நிறுத்திவிட்டார்கள். யாரிடம் சண்டை போடுவது? காற்றோடா?

இந்தத் தீவில் வரி கிடையாது. சாக்லேட்டும் சாராயமும் சல்லிசு. மத்தியானம் சாப்பாட்டோடு மாப்பிள்ளை பீர் குடித்தார், வெயிலுக்கு என்று. பிறகு ஓட்டினார். சாலையில் எருமைகள் தம் பாட்டுக்கு நடக்கின்றன, பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. ஒன்றை மயிரிழையில் தாண்டினோம். கோகிலா பின்னாலிருந்து, நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுங்களா என்று கேட்டாள். லைசன்ஸ் வாங்கினவங்க எல்லாம் டிரைவர் ஆயிர முடியுமா என்றார் மாப்பிள்ளை. சம்பந்தியம்மா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு கோயமுத்தூரில் தினமும் அவினாசி ரோட்டில் காரோட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள். இப்போது மாப்பிள்ளையே கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டும் வருகிறாராம். ஓட்டுகிற வேலை மிச்சம்.

ரங்கராட்டினம் மாதிரி சுற்றிவிட்டு வந்தோம். தலை வலிக்கிறது. பனியன் இரண்டைத் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டேன். காயாது.

மே 11, ஞாயிறு

காருக்குள் மணல் இருந்தால் அபராதமாம். ஹோட்டலில் துடைப்பம் கேட்டு வாங்கி நானே பெருக்கினேன். மாப்பிள்ளை செருப்பை உதறாமல் ஏறுகிறார். அவரிடம் யார் சொல்வது?

மே 12, திங்கள்

நேற்று இருட்டுகிற நேரத்தில் கார் மோதிவிட்டது.

கடற்கரைச் சாலையில் ஒரு வாழைப்பழ பஜ்ஜிக் கடை. தள்ளுவண்டியும் ஒரு குடையும்தான் கடை. அதை நடத்துகிற அம்மாவின் பெயர் ரொஹானி. ஐம்பது வயது இருக்கும். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டி அந்தப் பக்கமாகக் கவிழ்ந்ததால் உயிர் தப்பியது. ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருக்கிறார்.

காரில் இருந்தது கோகிலாவும் மாப்பிள்ளையும் மட்டும். நானும் சம்பந்தியம்மாவும் ஹோட்டலில் இருந்தோம். மாப்பிள்ளைதான் போன் செய்தார். "மாமா, கோகிலா இடிச்சுப்புட்டா. எரும குறுக்க வந்துருச்சு."

டாக்ஸி பிடித்து ஓடினேன். கோகிலா சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மாவு. அந்த அம்மாவைத் தூக்கும்போது ஒட்டியதாம். உனக்கு அடிபட்டதா கண்ணு என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். "கண்ண எங்கம்மிணி வெச்சிருந்த?" என்றுதான் வாயில் வந்தது. போலீஸும் ஊர்க்காரர்களும் சுற்றி நிற்க, நான் தமிழில் திட்டித் தீர்த்தேன். ஒரு நாள் உன்னை நம்பிக் காரைக் கொடுத்தால் இப்படியா என்றேன். இனிமேல் ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றேன். அவள் கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நாலைந்து சூயிங்கம்மை ஒன்றாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார், வயிற்றைப் புரட்டுகிறது என்று. "விடுங்க மாமா, ஆனது ஆயிப்போச்சு," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். ஸ்டேஷனில் கோகிலா, நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்று காலை வாடகைக் கார் கம்பெனி வண்டிகளை நிறுத்துகிற யார்டுக்குப் போனேன், வண்டியில் இருந்த குடைகளையும் என் மூக்குக் கண்ணாடியையும் எடுக்க. முன்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. கண்ணாடி எங்கேயோ விழுந்திருந்தது. தேடுவதற்கு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது, என் காலுக்கே பிரேக் எட்டவில்லை. கோகிலா என் தோள் உயரம்தான். வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஆள் தள்ளியிருப்பான். அடுத்தவன் பொருள் என்றால் இவர்களுக்கு அவ்வளவுதான்.

கண்ணாடி கிடைத்தது. ஒரு பக்கம் கீறல்.

மே 13, செவ்வாய்

எல்லோர்மேலும் எரிச்சலாக வருகிறது. முதலில் போலீஸ். கோகிலாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை விசாரணை அதிகாரி அவளைக் கூப்பிட்டு நடந்ததை விரிவாகக் கேட்பாராம், இன்சூரன்ஸ் தரப்பு ஆளும் கூட இருப்பாராம். அது முடியாமல் தீவைவிட்டுப் போகக்கூடாது.

அடுத்தது மாப்பிள்ளை. எங்கள் எல்லோருக்கும் நாளைக்குத்தான் விமானம். "எனக்கு லீவு இல்லீங்க மாமா. நானும் அம்மாவும் கெளம்பறோம். நீங்க இருந்து முடிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க. இன்சூரன்ஸ் எல்லாம் உங்க டிபார்ட்மெண்ட் தானுங்க," என்கிறார். கட்டின பெண்டாட்டி இங்கே போலீஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், இவருக்கு லீவு இல்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் செரிங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்து குளியலறைக் கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் பனியன் கீழே விழுந்தது.

மூன்றாவது தமயந்தி. கவுண்டருக்குப் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். பேப்பர் எல்லாம் சரி, கோகிலா பேரில்தான் இருக்கிறது, அந்தம்மாவுக்கு வைத்தியச் செலவு, கடை நஷ்டம் எல்லாம் கிடைக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். கடைசியில், "அவங்கதானே அங்கள் ஓட்டுனாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கோகிலாவை உட்கார வைத்து வியாழக்கிழமைக்குத் தயார் செய்தேன். கிளெய்ம் என்றால் வாய் தடுமாறக்கூடாது. ஒரே கதையை மூன்று தடவை கேட்டாலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். இது என் தொழில். எத்தனையோ பேரை இப்படித் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன்.

அவளுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எருமை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றால் இடது என்கிறாள், அப்புறம் வலது என்கிறாள். என்ன வேகம் என்றால் என் முகத்தைப் பார்க்கிறாள். விளக்குப் போட்டிருந்தாயா என்றேன். போட்டிருந்தேன் என்றாள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றேன். தெரியவில்லை. ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியைத் திருக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது எனக்கே நினைவிருக்கிறது. திரும்பக் கேட்டேன். இடது பக்கம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. படித்த பெண்தானே நீ, ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏறாதா என்று சத்தம் போட்டேன். வலது பக்கம், வலது பக்கம், வலது பக்கம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்ல வைத்தேன். சொன்னாள்.

அப்புறம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, நான் ஓட்டலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அறையில் ஏசி பயங்கரச் சத்தம் போடுகிறது. ஆளை அனுப்பச் சொல்லி ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று போனான். அதற்குள் கோகிலா எழுந்து அவர்கள் அறைக்குப் போய்விட்டாள்.

மே 14, புதன்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் கோகிலாவும். மாப்பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

ரொஹானி அம்மா கண் விழித்திருந்தார். காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவருடைய மகள் அஸ்லினா பக்கத்தில் இருந்தாள், ஆங்கிலம் பேசினாள். கோகிலா கட்டில் பக்கத்தில் போய் நின்றதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். ரொஹானி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் என்னவோ கேட்டார், கேட்டுக்கொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அஸ்லினா சொன்னாள்: நீ எதற்கு அழுகிறாய், நீ பக்கத்து சீட்டில்தானே இருந்தாய், ஓட்டிய ஆள் எங்கே, அவர் வரவில்லையா என்று அம்மா கேட்கிறார்.

போலீஸ் இன்னும் வந்து கேட்கவில்லையாம். நாளைக்கு வருவார்களாம்.

வராந்தாவுக்கு வந்தோம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அறையிலேயே குடித்திருக்கிறார். இவள் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், சாவியைத் தரவில்லை. எருமை எதுவும் வரவில்லை. மோதின உடனே, கூட்டம் சேருவதற்குள், இந்தப் பக்கம் வா என்றாராம். உன் பேர்தானே எழுதியிருக்கிறது, எனக்குப் பர்மிட்டும் இல்லை, வாயைத் திறந்து ஊதச் சொன்னால் நான் உள்ளே போய்விடுவேன் என்றாராம். இவள் அந்த அம்மாவைத் தூக்க ஓடியிருக்கிறாள். தூக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து, "உங்கப்பா எல்லாம் பாத்துக்குவாரு, அவருக்கு இதெல்லாம் அத்துப்படி," என்று சொன்னாராம்.

அவனை, ஆம், அவனைத்தான், இனிமேல் அவர் இவர் என்று எழுத என்னால் முடியாது, அங்கேயே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் என்றிருந்தது. எழுந்தே விட்டேன். எழுந்த பிறகு என் புத்தி போன போக்கை எழுதினால் எனக்கே கூசுகிறது. அஸ்லினாவிடம் தனியாகப் பேசினால் என்ன, உண்மையைச் சொன்னால் இன்சூரன்ஸ் போய்விடும், உங்கள் அம்மாவுக்கே ஒன்றும் கிடைக்காது என்று எடுத்துச் சொன்னால் அந்த அம்மா ஒருவேளை வாயைத் திறக்காமல் இருப்பார் என்று தோன்றியது. அதைக் கோகிலாவிடமும் சொன்னேன்.

"நேத்து எனக்கு லைட்டு சுவிட்ச் சொல்லிக் குடுத்தீங்கப்பா," என்றாள். "ஓட்டுனவளுக்கு அது தெரியாம இருக்குமுங்களா? தெரிஞ்சுதான சொல்லிக் குடுத்தீங்க?"

யார்டில் அந்தச் சீட்டில் உட்கார்ந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

"சாவிய அவர் கையில குடுத்தது நீங்க. நீங்களே குடுத்தப்பறம் நான் மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது? ஸ்டேசனுக்குப் போலாம், வாங்க."

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு உன் மேலேயே வழக்குப் போட்டாலும் போடுவார்கள் என்றேன். போடட்டும் என்றாள். ஸ்டேஷன் வாசலில் என்னை வெளியே உட்காரச் சொன்னாள். உள்ளே வந்தால் நான் பேசிவிடுவேனாம், அவளைப் பேச விட மாட்டேனாம். சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. போலீஸ் வந்து உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது என்றான். பதறிப்போன குரல். கோகிலா பயத்தில் உளறுகிறாள், நேற்று எங்களுக்குள் சின்னச் சண்டை, அந்தக் கோபத்தில் என் மேல் பழி போடுகிறாள், அந்தக் கிழவிக்கு வலியில் என்ன தெரியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றான். "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் மாமா. வந்த நாள்லருந்து கோகிலாதான் ஓட்டுனான்னு. உங்க பொண்ணு வாழ்க்கைக்குத்தான் சொல்றன்." சம்பந்தியம்மா போனைப் பிடுங்கி, அவர் பங்குக்கு, வாழப்போன வீட்டைக் காட்டிக் கொடுக்கிற பெண்ணை இப்படித்தான் வளர்த்தீர்களா என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு மலாய்ப் பெண்மணி. கோகிலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் மறுக்கிறார், வண்டியை ஒரு நாளும் தொட்டதே இல்லை என்கிறார், வெள்ளிக்கிழமை சாவி யாரிடம் போனது என்று அதிகாரி கேட்டார்.

அவர் கேட்ட உடனே எல்லாம் எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் கார், அந்த அம்மாவின் கால், கடை எல்லாவற்றையும் கம்பெனி கைகழுவிவிடும். பெயரில்லாதவன் ஓட்டினான், குடித்திருந்தான், எல்லாம் தெரிந்த ஒருவன் சாவியைக் கொடுத்தான். இப்படி ஒரு கிளெய்ம் என் கைக்கு வந்திருந்தால் நானே தூக்கிப் போட்டிருப்பேன்.

"நான்தான் கொடுத்தேன்," என்றேன். "பிரகதீஷிடம். என் கையால். ஓட்டக்கூடாது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன்தான் ஓட்டினான்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னேன்.

மே 15, வியாழன்

இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. எதுவும் சேராது. தமயந்தி நேரில் வந்து சொன்னாள், அவளுக்கே சங்கடமாக இருந்தது. அவளிடம் எரிந்து விழுந்தேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். ரொஹானி அம்மாவின் கடைக்கும், அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் ஆகிற செலவுக்கும் நான் பொறுப்பு என்று அஸ்லினாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொள்ளாச்சி மனையை விற்றால் சரியாக இருக்கும். விற்கிறேன்.

அவனை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், தீவைவிட்டுப் போக முடியாது. காலை உணவு இடத்தில் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து வந்தான். இன்னும் மாமா என்றே கூப்பிடுகிறான், அந்தத் தைரியத்தை என்ன சொல்வது? நீங்கள் நினைத்தால் இதையெல்லாம் மாற்றிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தான். எனக்கு இருந்த ஆத்திரத்தில் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். கோகிலா, "அப்பாகிட்ட எதுக்குப் பேசறீங்க? சொன்னது நான். எங்கிட்டப் பேசுங்க," என்றாள். அவன் திரும்பிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் இரண்டு இட்லி கேட்டாள். இங்கே இட்லி கிடைக்காது, ரொட்டிதான். அதைச் சாப்பிட்டாள்.

மே 16, வெள்ளி

பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். பொய் வாக்குமூலத்துக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். வழக்கு நடக்கும்போது சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வர வேண்டும். வருகிறேன் என்று கோகிலா எழுதிக் கொடுத்தாள்.

மே 17, சனி

விமானத்தில் இடம் இல்லாததால் படகில் அக்கரைக்குப் போய் அங்கிருந்து பேருந்து. படகில் இருக்கைகள் எல்லாம் அழுக்கு, வாந்திப்பை ஒன்றைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போனான் படகுக்காரன். அவனைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

கோகிலா ஜன்னலோரம். கிளம்பியதிலிருந்து என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டினாள். நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் அவனைத் தடுக்கத்தான் வாயைத் திறந்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சாட்சி சொன்னேனே, மனையை விற்கப் போகிறேனே, இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று. அப்படி நினைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். தாடையை இறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். இந்த ஒரு வாரமும் கோபப்பட்டதெல்லாம் நான்தான். கல்லில் உட்கார்ந்திருந்தவளிடம் கத்தினேன், சுவிட்ச் தெரியாதவளிடம் கத்தினேன். அவள் ஒரு தடவைகூடத் திருப்பிக் கத்தவில்லை.

"எம்மேல கோவமா கண்ணு?" என்று கேட்டேன்.

இல்லீங்கப்பா என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சின்னதிலிருந்து அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"ஆமாங்கப்பா," என்றாள். "ரொம்ப. இது உடனே போகாது."

செரி கண்ணு என்றேன்.